வலது பக்கம் சத்தம் வரலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை.

ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு சின்னக் கட்டுரை. விலை குறைந்த நெக்பேண்ட் இயர்போன்களில் அன்றாடம் பயன்படுத்த எது நல்லது, எது தண்டம் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். நான் உடனே தலையாட்டியதற்குக் காரணம் என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய நெக்பேண்டில் ஒரு பக்கம் ஊமையாகி வெகு நாளாகிவிட்டது. மாற்றின மாதிரியும் ஆயிற்று, எழுதின மாதிரியும் ஆயிற்று என்று கடைக்குப் போனேன்.

போன் கவர்களும் சார்ஜர்களும் சரம் சரமாகத் தொங்கும் கடை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எந்தப் பக்கம்க்கா வரலை?"

"இடது பக்கம்."

"மாத்தி மாட்டிப் பாருங்க."

எனக்கு விளங்கவில்லை. அவளே இடது காதுக்கான குமிழை என் வலது காதிலும், வலது காதுக்கானதை இடது காதிலும் மாட்டிவிட்டாள். இப்போது வலது காது ஊமை. இடது காதில் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

"அப்ப செட்டுலதான் கோளாறு. வேற தர்றேன்."

நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். "மாத்தி மாட்டின பிறகும் அதே இடது பக்கம் கேக்கலைன்னா?"

அவள் பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தாள். "அதுக்கு எங்க கடையில வாரண்டி கிடையாதுக்கா."

அவ்வளவுதான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமலேயே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அவள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் தலைக்குள் அதற்குள் ஒரு கணவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

2

தொடக்கங்கள். எழுதி அடித்ததை மறைக்கப் போவதில்லை. நீங்களும் பாருங்கள், நான் என்ன பாடுபட்டேன் என்று.

"கழுத்தில் மாலை போலத் தொங்கும் இந்தச் சிறு கருவி, நவீன மனிதனின் தனிமையை..." [வேண்டாம். 'நவீன மனிதன்' என்று ஆரம்பிக்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.]

"அவளுடைய கணவனுக்கு வலது காது..." [அடடா, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டால் எப்படி? இருந்தாலும் புத்திசாலிகள் நீங்கள். முதல் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். பரவாயில்லை. அவளுக்குத் தெரியாது. கதை அவளுக்குத் தெரியவருவதைப் பற்றியது.]

"ம்."

இது இருக்கட்டும். இந்தக் கதையின் கணவன் வீட்டில் பேசும் மொழி இந்த ஓர் எழுத்துதான். சாப்பிட்டீங்களா என்றால் ம். மழை வருமா என்றால் ம். பல சமயம் அந்த ம் கூட இல்லை.

3

இனிமேல் அவள்.

கடையில் நான் பார்த்த பெண்ணின் கையையும் சிரிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதி என் சரக்கு.

கடைக்காரம்மா காசை வாங்கிப் போடுவதோடு சரி. பெட்டிக்குள் இருப்பது பொன்னா பித்தளையா என்று பார்ப்பது அவள்தான். சார்ஜர் வாங்க வந்தவரை நிற்கவைத்து, பிளக்கில் செருகி, விளக்கு எரிவதைக் காட்டி, ஒயரை நாலு பக்கமும் ஆட்டிக் காட்டி, அப்புறம்தான் பில் போடுவாள். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் அடுத்த முறையும் அவளிடமே வருவார்கள். தெருவில் அவளுக்குப் பெயரே 'செக்கிங்கக்கா'.

ஒரு நாள் கடைக்காரம்மா நான்கு பெட்டிகளை அவள் முன்னால் வைத்தாள்.

"நாலு கம்பெனி நெக்பேண்டையும் போட்டு வச்சுக்கிட்டு ஆளாளுக்கு பதில் சொல்லி மாளலை. இனிமே ஒண்ணே ஒண்ணுதான். எதுன்னு நீ பாத்துச் சொல்லு. அதை மட்டும் மொத்தமா இறக்கிடுவோம்."

"நான் சொல்றதா?"

"பின்ன, நானா சொல்றது? எனக்கு எது காதுல மாட்டுறது, எது கழுத்துல மாட்டுறதுன்னே தெரியாது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் சோதிப்பது வேறு, வீட்டுக்குக் கொண்டுபோய் வாழ்ந்து பார்ப்பது வேறு. அவள் நான்கையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவளுடைய பையில் இல்லாத இன்னொன்று மனதில் இருந்தது. கடைக்குப் பக்கத்தில் சாவி செய்து தருபவர் காலி செய்துவிட்டுப் போன ஒரு சந்துக் கடை. ஆள் ஒருவர் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விற்பதற்கு இல்லை. அறுந்த ஒயரை ஒட்டித் தர, போன குமிழை மாற்றித் தர, புதுசு வாங்கும் முன் 'இது தேறுமா' என்று கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்ல. கட்டடக்காரர் வார இறுதிக்குள் பதில் கேட்டிருந்தார்.

அவள் அதைக் கணவனிடம் சொல்லியும் விட்டாள். வேலை முடிந்து அவன் கடை வாசலுக்கு வருவான், இருவரும் சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். அப்படி நடக்கும்போதுதான் சொன்னாள். ஒரே மூச்சில், பாதி பயம், பாதி ஆசையாக, சந்துக் கடையின் அளவு முதல் உள்ளே போடப் போகும் மேசை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தான். ம் கூட இல்லை.

"வேண்டாம்னாலாவது வேண்டாம்னு சொல்லலாம்ல" என்று அவள் மனதுக்குள் பொருமினாள். வெளியே சொல்லவில்லை. வீடு வந்துவிட்டது.

* இங்கே ஒரு சின்ன விவரம், தவறவிடாதீர்கள். வண்டிகள் வரும் பக்கம் எப்போதும் அவன்தான் நடப்பான். அவளைச் சுவர்ப் பக்கம் விடுவான். கல்யாணமான புதிதில் ஒரு மோட்டார் சைக்கிள் அவளை உரசிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பழக்கம். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் சுவர் அவனுக்கு வலது பக்கம்.

4

சோதனைகள். ஆசிரியரே, இதோ உங்கள் கட்டுரை ஆரம்பிக்கிறது!

முதலில் முரட்டுக் கருப்பு. கழுத்துப் பட்டை விறைப்பு. பெருக்கக் குனிந்தால் முன்னால் சரிந்து முகவாயில் இடித்தது. பாட்டு என்னவோ பிரமாதம்தான். ஆனால் இயக்கியதும் ஒரு பெண்குரல், 'இணைக்கப்பட்டது' என்று காதைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது.

அடுத்தது நீலம். கழுத்தில் போட்டதே தெரியாத அளவுக்கு மெல்லிசு. வளைத்து வளைத்துப் பார்த்தாள், சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் வியர்வை பட்டதும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. பொத்தான்கள் மூன்றும் ஒரே மாதிரி இருந்ததால், சத்தத்தைக் கூட்டப் போய்ப் பேச்சைத் துண்டித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் பாதியில் அறுபட்டுக் கோபித்துக்கொண்டார்.

சாம்பல் நிறத்தில் காந்தம்தான் வினை. பேசாதபோது இரண்டு குமிழையும் நெஞ்சருகே ஒட்டவைத்துக்கொள்ளலாம், ஒட்டினால் பாட்டு தானே நின்றுவிடும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது. ஒட்டியது, குமிழோடு மட்டுமில்லை. பீரோக் கதவு, கத்தரிக்கோல், பேருந்தின் கைப்பிடிக் கம்பி எல்லாவற்றோடும் ஒட்டியது. பேருந்தை விட்டு இறங்கும்போது அவள் ஒரு பக்கம் போக, காது ஒரு பக்கம் போகப் பார்த்தது.

கடைசியில் கத்தரிப்பூ நிறம். சத்தம் சுமார். அழகும் சுமார். ஆனால் யாராவது கூப்பிட்டால் கழுத்தில் குறுகுறுவென்று அதிர்ந்தது. குமிழ் காதில் இல்லாவிட்டாலும், போன் உள்ளறையில் கிடந்தாலும் தெரிந்துவிடும். பொத்தான்களில் நடுவில் உள்ளது மட்டும் குழிந்திருந்தது. பார்க்காமலே விரலுக்குப் புரிந்தது.

இதெல்லாம் தனியாகச் செய்துவிடலாம். மைக்கை மட்டும் தனியாகச் சோதிக்க முடியாது. தன் குரல் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று தனக்கே தெரியாது. அதற்கு எதிர்முனையில் ஒருவர் வேண்டும், அதுவும் முகத்துக்காகப் பொய் சொல்லாத ஒருவர். அவள் கணவனைக் கூப்பிட்டாள். அவன் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நிற்கும்போது கூப்பிடுவாள்.

"இப்ப எப்படிக் கேக்குது?"

"நல்லாக் கேக்குது. அந்த நீலத்துலதான் நீ தொட்டிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு. இது பரவாயில்லை. எங்க, ஃபேனைப் போட்டுட்டுப் பேசு."

"போட்டாச்சு."

"ஃபேனு பேசுது, நீ பேசலை. அடுத்தது மாட்டு!"

அவனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. தெருவில் நடந்துகொண்டே பேசு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசு என்று அவனே சொல்லிக்கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. போனில் இவ்வளவு பேசுகிற மனுஷன் நேரில் மட்டும் ஏன் சுவராகிவிடுகிறான்?

சாயங்காலம் நான்கையும் அவனிடம் கொடுத்து, "நீங்களும் போட்டுப் பாருங்க" என்றாள்.

கருப்பை மாட்டினான். "வலது பக்கம் சத்தம் வரலை."

நீலத்தை மாட்டினான். "இதுலயும் வலது பக்கம்."

சாம்பலும் அப்படியே. கத்தரிப்பூவும் அப்படியே.

அவனுடைய சொந்த நெக்பேண்டையே அவள் முன்பு இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறாள், இதே குறைக்காக. மறுநாள் கடையில் நான்கையும் தன் காதில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் மணி மணியாகக் கேட்டன.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவருக்குக் கடை எடுப்பது பிடிக்கவில்லை. வாயைத் திறந்து சொல்ல மனசில்லை. அதனால்தான் அவள் நல்லது என்று கொடுத்த எல்லாவற்றையும் சொத்தை என்கிறார். உனக்குப் பார்க்கத் தெரியவில்லை, உனக்கு எதற்குத் தனிக் கடை என்று சொல்லாமல் சொல்கிறார்.

கட்டடக்காரரிடம் நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டு, அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் எரிந்து விழுந்தாள்.

5

[இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆமாம், நானே உண்டாக்கிய ஆள்மேல். ஒரு காது கேட்காதது ஒருவனுக்கே தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் மறைக்கிறான் என்றால் அவன் பொய்யன். தெரியவில்லை என்றால் அவன் மக்கு. பொய்யனையும் எனக்குப் பிடிக்காது, மக்கையும் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கேதான் அவன் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குத்தான் வழி தெரியவில்லை.]

இப்படி நான் முழித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் கூப்பிட்டார்.

"என்னங்க, நெக்பேண்ட் என்ன ஆச்சு?"

"அட்டகாசமா போய்க்கிட்டிருக்கு சார். இப்பதான் அவளுக்கு அவர்மேல கோவம் வந்திருக்கு."

"யாருக்கு?"

"செக்கிங்கக்காவுக்கு."

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்களா?"

"அது நிக்கும் சார். இவங்க நிப்பாங்களான்னுதான் தெரியலை."

அவர் வைத்துவிட்டார். அவர் வைத்த விதத்தில் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. பதில் வராதபோது நாமே எதிராளிக்கு ஒரு பதிலை எழுதிவிடுகிறோம். ஆசிரியர் கோபமாக வைத்தாரா, பேருந்து வந்து வைத்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் கோபம் என்று நான் அதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

சரி, எழுத்து மேசைக்கு ஓடுகிறேன். வழி தெரிந்துவிட்டது!

6

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண்மணி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"என்னம்மா பொருள் விக்கிறீங்க? போன வாரம்தான் வாங்கினேன். ஒரு பக்கம் வரலை!"

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"மாத்தி மாட்டிப் பாருங்க" என்றாள் அவள், பழக்கத்தில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சொன்னவளுக்கே அது உறைத்தது. ஹெல்மெட் பெண்மணி ஹெல்மெட்டைக் கழற்றி, மாற்றி மாட்டி, "ஆமா, இப்ப இடது பக்கம் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஊருக்கெல்லாம் சொன்னோமே, வீட்டில் ஒரு தடவையாவது சொன்னோமா? அவர் வரலை என்றதும் கடைக்குக் கொண்டுவந்து நம் காதில்தானே வைத்துப் பார்த்தோம்? ஒரு தடவையும் அவர் காதில் வைத்துப் பார்க்கவில்லையே!

போனில் நன்றாகப் பேசுவது நினைவுக்கு வந்தது. போனை அவன் இடது காதில்தான் வைப்பான். படுக்கையில் அவள் எந்தப் பக்கம் படுப்பாள், நடக்கும்போது எந்தப் பக்கம் வருவாள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அம்மா, பட்டறை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"இப்பவா? இவங்களுக்கு வேற செட்டு..."

"நீங்களே எடுத்துக் குடுங்க. கழுத்துல மாட்டுறதுதான்!"

கத்தரிப்பூவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பட்டறையில் அப்போதுதான் மெஷின்கள் நின்றிருந்தன. ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் மூடி வெட்டியது போக மீந்த ஓட்டைத் தகடுகள். அவன் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல், வலது தோளைச் சுவரில் சாய்த்து, இடது பக்கத்தைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். எப்போதும் அங்கேதான் உட்காருவான் போலிருக்கிறது.

"என்ன, இங்க வந்துட்ட? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. இதை மாட்டுங்க."

"சாப்பிட்டுட்டு..."

"இப்பவே. மாத்தி மாட்டுங்க."

அவன் கை நின்றது. மூடியைத் திறந்த டிபன் பாக்ஸை மறுபடியும் மூடினான். அவள் விளக்காமலேயே இடது குமிழை வலது காதிலும் வலது குமிழை இடது காதிலும் வைத்தான். எப்படி என்று கேட்கவில்லை. அவள் பாட்டை ஓடவிட்டாள்.

"எந்தப் பக்கம் வரலை?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வலது பக்கம்."

"செட்டு நல்லாருக்குங்க."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ ரெண்டாவது தடவை மாத்திக் குடுத்தியே, அப்பவே நானே மாத்தி மாட்டிப் பாத்துட்டேன். உன் கடை வாசல்ல தினமும் நிக்கறேன், நீ என்ன சொல்றன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி செட்டு மேல பழியைப் போட்டீங்க?"

அவன் குமிழ்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "நீ செக் பண்ணிட்டு, ஆமாங்க செட்டுதான் கோளாறுன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட மாட்டியான்னு இருந்துச்சு. நீ பாத்துச் சொன்னா அது சரியாத்தானே இருக்கும்."

உனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்வதாக அவள் நினைத்திருந்த ஆள், அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பிப் போன காதைப் போகவில்லை என்று பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அழுகை வந்தது. ஆனால் அதோடு கூடவே, இடம் பொருள் தெரியாமல், ஒரு சந்தோஷமும் பொங்கிக்கொண்டு வந்தது. சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போகணும்."

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மெஷினை விட்டு எறக்கிடுவாரு."

"எறக்கட்டும். மெஷினுக்கு ஒரு காதைக் குடுத்தது பத்தலையா, இன்னொண்ணையும் குடுக்கப் போறீங்களா?"

அவன் பேசவில்லை. ஆனால் இந்த முறை அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குக் கேட்டுவிட்டது என்று. கேட்டுவிட்டு யோசிக்கும் முகம் வேறு மாதிரி இருந்தது.

அவள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டாள். "அன்னிக்கு வழியில நான் ஒண்ணு சொன்னேனே, அதுக்கு ஏன் பதிலே சொல்லலை?"

"எது?"

* எழுதிக்கொண்டிருந்தவள் நாற்காலியை விட்டு எழுந்து குதித்துவிட்டேன். இந்த ஒரு 'எது?'வுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை! அவனிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை!

7

இனி முடிவுகள். என்னிடம் இருப்பதையெல்லாம் மேசைமேல் போடுகிறேன்.

(அ) டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு கட்டி அழுக்கை எடுத்து வெளியே போடுகிறார். அவனுக்குக் காது திறந்துகொள்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். [ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ஆனால் அழுக்கோடு கதையையும் எடுத்துப் போட்டுவிடுகிறாரே?]

(ஆ) காது போனது போனதுதான். அவன் பட்டறையை விட்டு வந்து அவளுடைய சந்துக் கடையில் உட்காருகிறான். [இரண்டு பேர் உட்கார அங்கே இடம் கிடையாது. மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன், கையை விரித்தால் சுவர் இடிக்கும்.]

(இ) மேஸ்திரி நல்லவராக... [இதற்குமேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.]

முட்டி மோதிப் பார்த்துவிட்டு, எழுதியவரைக்கும் எடுத்துக்கொண்டு உண்மையான அந்தப் பெண்ணிடமே போனேன். பணம் கொடுத்துவிட்டு விட்டுப்போன நெக்பேண்டும் அங்கேதான் இருந்தது. அவள் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நின்றபடியே படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஓர் இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காதும் ஜோராக் கேக்கும். அதுதான் எனக்குப் பிரச்சினையே."

"ஏதாவது தப்பு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அவன் கோழைன்னு எழுதியிருக்கீங்க."

"நான் அப்படி எழுதலையே."

"எழுதலை, ஆனா படிக்கிறவங்க அப்படித்தான் நினைப்பாங்க. அவ மட்டும் என்னவாம்? அவ்வளவு பெரிய விஷயத்தை எதுக்கு நடந்துகிட்டே, வீடு வர்ற நேரமாப் பாத்துச் சொன்னா? மாட்டேன்னுட்டா அப்படியே வீட்டுக்குள்ள நுழைஞ்சுடலாம்னுதானே? மூஞ்சியப் பாத்துக் கேக்க அவளுக்கும் பயம்தானேக்கா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு கதையை எழுதியவளுக்கே தெரியாத பக்கத்தை இப்படிக் கையில் எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வது? கட்டிப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். நடுவில் கண்ணாடி மேசை இருந்தது.

அவள் சொன்னது சரி. (அ), (ஆ), (இ) மூன்றும் காதைப் பற்றிய முடிவுகள். காது என்னவானது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. அடுத்த வாரம் அவர்கள் போகிறார்கள், அவர் சொல்லட்டும். இந்தக் கதையில் முடிய வேண்டியது வேறு.

8

அவள் பட்டறைக்கு ஓடிப்போன அன்று சாயங்காலம் அவன் வழக்கம்போலக் கடை வாசலுக்கு வந்தான். அவள் வெளியே வந்து, வண்டிகள் வரும் பக்கம் போய் நின்றாள்.

"ஏய், அந்தப் பக்கம் வராதே. வண்டி வருது."

"வரட்டும். நீங்க சுவத்துப் பக்கம் போங்க."

"சொன்னாக் கேளு."

"நான் சொல்றது கேக்கணும்னுதாங்க இந்தப் பக்கம் வந்தேன்."

இருவரும் நடைபாதையில் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நின்றார்கள். வருவோர் போவோர் ஒதுங்கிப் போனார்கள். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, நெக்பேண்ட் எதுன்னு சொல்லாமலே போற?" என்று கத்தினாள்.

"கத்தரிப்பூ!" என்று அவள் திரும்பாமலே கத்தினாள். "சத்தம் சுமார்தான். ஆனா காதுல இல்லைன்னாலும் கூப்பிட்டாத் தெரியும்!"

[ஆசிரியரே, குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு இதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.]

கடைசியில் நடக்கவே வேண்டாம் என்று முடிவானது. பக்கத்திலேயே சந்துக் கடையின் ஷட்டர். அதன் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் அவனுக்கு இடது பக்கம். அவன் முகத்தைப் பார்த்தாள், இந்த முறை நேராக. வீடு பக்கத்தில் இல்லை, ஓடி ஒளிய இடமில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அறுந்த ஒயர், போன குமிழ், உள்ளே போடும் மேசை, வார இறுதிக்குள் கேட்கும் கட்டடக்காரர், இது தேறுமா என்று கேட்டு வரப்போகிறவர்கள். நடுவில் ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டு போனபோது நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொன்னாள்.

அவன் ம் போடவில்லை. எழுந்து சாலையோரம் வரைக்கும் பின்னால் போய், தலையை நிமிர்த்தி, ஷட்டருக்கு மேலே பார்த்தான். சாவிக்காரர் கழற்றிக்கொண்டுபோன பலகை இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெளுத்த நீள்சதுரம் மட்டும் மிச்சமிருந்தது. கையை நீட்டிக் கண்ணால் அளந்தான்.

"போர்டுல என்ன எழுதுவ?" என்று கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, வாயிலிருந்து சத்தமே வரவில்லை. பிறகு சொன்னாள். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் எழுத மாட்டேன். தொடக்கத்திலிருந்து நானேதான் பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ம் கூடப் போடவில்லை. அதனால் அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

[                                        ]

எழுதிவிட்டீர்களா? அப்படியென்றால் எழுந்து போய், அவனுக்கு இடது பக்கமாக நின்று, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.